அமெரிக்க ஓவர்டோஸ் சாவுகள்: ஆண்–பெண் இடைவெளி 2010 வாக்கில் ஏன் சுருங்கியது, பிறகு ஏன் விரிந்தது? (இணைய விவாத இழை; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

1. எண்ணும் எழுத்தும்

அமெரிக்காவில் 2023-இல் ஓவர்டோஸ் ஆகி இறந்தவர்கள் 1,05,007 பேர். தெருப் போதைப்பொருள், மருந்துக்கடை மாத்திரை எல்லாம் இதில் அடக்கம். வயது சீர்செய்த வீதத்தில் (மக்கள்தொகையின் வயது வேறுபாட்டைச் சமன் செய்த கணக்கு) லட்சம் ஆண்களுக்கு 44.3, லட்சம் பெண்களுக்கு 18.3. ஆண்கள் 2.4 மடங்கு. பெரும்பாலானோர் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு "ஆம்பளைங்கதான் அதிகம் எடுக்கறாங்க" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். இதைத் தந்த அமெரிக்கத் தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையத்தின் பழைய எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

1999: ஆண் 8.2, பெண் 3.9. 2.1 மடங்கு.
2010: ஆண் 15.0, பெண் 9.6. 1.6 மடங்குதான்.
2017: ஆண் 29.1, பெண் 14.4. மறுபடி 2 மடங்கு.
2022: ஆண் 45.6, பெண் 19.4. 2.35 மடங்கு.

ஆண் உடலும் பெண் உடலும் இருபது வருடத்தில் மாறிவிடவில்லை. இடைவெளி மட்டும் சுருங்கி, திரும்ப விரிந்திருக்கிறது. அந்தந்தக் காலத்தில் சரக்கு எந்த வழியாக வந்தது என்பதுதான் இதைத் தீர்மானித்தது என்பது என் வாதம். மருந்துச்சீட்டு வழியாக வந்தபோது பெண்கள் ஆண்களை நெருங்கினார்கள். தெரு வழியாக ஃபென்டனில் என்ற மிக வீரியமான செயற்கை வலிநிவாரணி வந்தபோது ஆண்கள் விலகி மேலே போனார்கள். மருந்து, சிகிச்சைப் பக்கம் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.

2. குறுக்குக்கேள்வி

ஒரு அடிப்படைச் சந்தேகம். ஆண்களில் பயன்படுத்துவோர் அதிகம் என்றால் சாவும் அதிகமாகத்தானே இருக்கும்? மக்கள்தொகையால் வகுத்தால் போதுமா, பயன்படுத்துவோர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டாமா?

3. எண்ணும் எழுத்தும்

வகுத்தே பார்த்திருக்கிறார்கள். எட்வர்டோ பியூட்டல்மன் குழு 2023-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் அப்போதைய இயக்குநர் நோரா வோல்கோவும் அதில் ஓர் ஆசிரியர். 2020–21 சாவுகள், 15 முதல் 74 வயது வரை. லட்சத்துக்கு எத்தனை என்று பார்த்தால்: ஃபென்டனில் போன்ற செயற்கை ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும் மருந்து) ஆண் 29.0, பெண் 11.1. ஹெராயின் 5.5, 2.0. மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) வகை ஊக்கிகள் 13.0, 5.6. கொக்கெயின் 10.6, 4.2.

பிறகு தேசியக் கணக்கெடுப்பிலிருந்து ஆண், பெண் இருபாலரிலும் தவறான பயன்பாடு எவ்வளவு என்று எடுத்து, அதையும் கணக்கில் சேர்த்தார்கள். அப்படியும் ஆண்களின் சாவு வீதம் மேலேதான் நின்றது. மாநில வாரியாகப் பிரித்தாலும் அதே போக்குதான். ஆக, "அதிகம் பேர் எடுக்கிறார்கள்" என்பது முழு விடை இல்லை. எடுப்பவர்களுக்குள்ளேயே ஓர் ஆணின் ஆபத்து அதிகம்.

4. மருந்துச்சீட்டு

2010-ஐப் பற்றி நான் சொல்கிறேன். அது மாத்திரைகளின் காலம். ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரை (உள்ளே இருப்பது ஆக்சிகோடோன்) 1996-இல் சந்தைக்கு வந்தது. முதுகுவலி, மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி எல்லாவற்றுக்கும் ஓபியாய்டு எழுதுவது வழக்கமாகிப் போனது. நாள்பட்ட வலிக்கு டாக்டரிடம் அதிகம் போவது பெண்கள். பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்து எழுதப்படுவதும் அவர்களுக்குத்தான் அதிகம். விளைவு, ஒரே பெண்ணின் கையில் இரண்டு மூன்று டாக்டர்களின் சீட்டுகள் சேர்ந்தன.

அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2013-இல் சொன்ன கணக்கு இது: 1999 முதல் 2010 வரை மருந்துச்சீட்டு வலிநிவாரணியால் இறந்த பெண்கள் ஏறத்தாழ 48,000 பேர். அந்த வகைச் சாவு பெண்களில் 400 சதவீதத்துக்கு மேல் கூடியது, ஆண்களில் 265 சதவீதம். எண்ணிக்கையில் ஆண்கள்தான் அதிகம், ஆனால் பெண்களின் ஏற்றம் செங்குத்தாக இருந்தது. அதிக ஆபத்து 45 முதல் 54 வயதுப் பெண்களுக்கு. தெருமுனையில் சரக்கு தேடிப் போகிறவர்களின் வயது இல்லை அது.

எங்கே தவறு நடக்கிறது என்பதை ஒரு சீட்டை வைத்தே காட்டலாம். ஆக்சிகோடோன் 10 மில்லிகிராம், நாளைக்கு 4 வேளை. மொத்தம் 40. மார்ஃபீன் கணக்குக்கு மாற்ற 1.5-ஆல் பெருக்கினால் 60. சிடிசி 2016 வழிகாட்டியில் 50-ஐத் தொட்டாலே கூடுதல் கவனம் வேண்டும், ஓபியாய்டை முறிக்கும் மருந்தான நாலாக்சோன் தருவதைப் பற்றிப் பேச வேண்டும். இந்தச் சீட்டோடு வேறொரு டாக்டர் பதற்றத்துக்கு அல்ப்ரசோலம் எழுதுகிறார், மூன்றாமவர் நரம்பு வலிக்கு கபாபென்டின் எழுதுகிறார். மூன்றும் மூச்சைத் தணிப்பவை. தனித்தனிச் சீட்டாகப் பார்த்தால் எதிலும் தப்பு தெரியாது. ஒரே இரவில் மூன்றும் சேர்ந்து வேலை செய்யும்போதுதான் மூச்சு நிற்கிறது. ஓபியாய்டும் பென்சோவும் (அல்ப்ரசோலம் போன்ற பென்சோடயசெபைன் மருந்துகள்) சேர்வதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தன் மிகக் கடுமையான 'கறுப்புப் பெட்டி' எச்சரிக்கை போட்டது 2016 ஆகஸ்டில். கபாபென்டின் வகைக்கு எச்சரிக்கை 2019 டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் எத்தனை குடும்பங்கள் போய்விட்டன என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

5. குறுக்குக்கேள்வி

அப்படியென்றால் உடல் வேறுபாட்டுக்கு இதில் பங்கே இல்லையா? ஒரே அளவு மருந்து பெண்ணுக்கு அதிகமாக ஏறும் என்று படித்திருக்கிறேனே.

6. மருந்துச்சீட்டு

பங்கு உண்டு. ஆனால் அது எதிர்ப்பக்கம் இழுக்கிறது, அங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையை எடுங்கள். 2013 ஜனவரியில் பெண்களுக்கான தொடக்க அளவை எஃப்டிஏ பாதியாகக் குறைத்தது: சாதாரண மாத்திரை 10-லிருந்து 5 மில்லிகிராம், மெதுவாகக் கரைவது 12.5-லிருந்து 6.25. பெண் உடலிலிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது, காலையிலும் ரத்தத்தில் நிற்கிறது என்பது காரணம். டயசெபம் போன்றவை கொழுப்பில் கரைபவை. உடலில் கொழுப்பு விகிதம் கூடுதலாக இருந்தால் நீண்ட நேரம் தங்கும். மெத்தடோன் (ஓபியாய்டு அடிமைத்தனச் சிகிச்சையில் தரும் ஓபியாய்டு) இதயத்தின் க்யூடி இடைவெளியை, அதாவது ஈசிஜியில் ஒரு துடிப்பு தொடங்கி இதயம் மீளும்வரை ஆகும் நேரத்தை, நீட்டும். பெண்களுக்கு அது இயல்பிலேயே சற்று நீளம், அதனால் ஆபத்தான தாளக்கேடு வரும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம். மெத்தடோன் தொடங்குமுன் ஈசிஜி கேட்பது இதற்காகத்தான்.

இவை எல்லாம் பெண்ணுக்கு ஆபத்தைக் கூட்டும் விஷயங்கள். உடல்தான் காரணம் என்றால் பெண்கள்தான் அதிகம் இறக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. எனவே ஆண்களின் கூடுதல் சாவுக்கு விடையை மருந்தியலில் மட்டும் தேடினால் கிடைக்காது. எவ்வளவு எடுக்கிறார், எதை எடுக்கிறார், யார் பக்கத்தில் இருக்கும்போது எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

7. இரவுப்பணி

மேலே கடைசியாகச் சொன்னதுதான் அவசரப் பிரிவில் கண்ணெதிரே தெரிவது. ஓபியாய்டு ஓவர்டோஸில் சாவு என்பது மூச்சு நின்ற சில நிமிடங்களில் யார் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. பூட்டிய அறை, கழிப்பறை, நிறுத்திய கார், கட்டட வேலை நடக்கும் இடம் ஆகியவற்றில் தனியாக எடுப்பவர்களில் ஆண்கள் அதிகம். கட்டுமானமும் சுரங்கமும் அமெரிக்காவில் ஓவர்டோஸ் சாவு வீதம் மிக அதிகமுள்ள தொழில்கள், அங்கே வேலை செய்வோர் பெரும்பாலும் ஆண்கள். அடிபட்ட தோளுக்கு மாத்திரை, சீட்டு நின்றதும் தெருச் சரக்கு, அதில் ஃபென்டனில். மார்ஃபீனைவிட 50 முதல் 100 மடங்கு வீரியம். கள்ள மாத்திரையில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் கலவை ஒரே மாதிரி இருக்காது.

பக்கத்தில் ஆள் இருந்தால் செய்ய வேண்டியது, வரிசையாக:

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள், மார்பு எலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். அசைவில்லை, உதடும் நகமும் நீலம், கண்மணி ஊசிமுனை அளவு, மூச்சு நிமிடத்துக்கு சிலமுறைதான் என்றால் ஓவர்டோஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டார் அதிகம் ஏமாறுவது குறட்டையில். "நல்லாத் தூங்கறான்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறார்கள். இழுத்து இழுத்து வரும் கனத்த குறட்டை என்றால் மூச்சுப்பாதை அடைபடுகிறது.

ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்குக்குள் விடும் 4 மில்லிகிராம் நாலாக்சோனை ஒரு துளையில் முழுவதுமாக விட்டு, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். வேலை செய்கிறதா பார்க்கலாம் என்று காற்றில் ஒருமுறை அழுத்திப் பார்க்காதீர்கள். அதில் இருப்பதே ஒரு டோஸ், அது காற்றோடு போய்விடும். பிறகு 5 விநாடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சுக் கொடுங்கள். 2, 3 நிமிடத்தில் மூச்சு திரும்பவில்லை என்றால் மறு துளையில் இரண்டாவது. தானாக மூச்சுவிடத் தொடங்கியதும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள்.

இரண்டு இடத்தில் கோட்டைவிடுகிறார்கள். ஒன்று, நாலாக்சோன் 30 முதல் 90 நிமிடம்தான் தாங்கும். உள்ளே போன ஓபியாய்டு அதைவிட நீண்ட நேரம் இருக்கலாம். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்று சொன்னவர் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மூச்சை நிறுத்தலாம். இரண்டு, பென்சோவோ, கால்நடை மயக்க மருந்தான சைலசீனோ கலந்திருந்தால் நாலாக்சோனுக்கு அவை அசையாது. மூச்சு வந்தும் ஆள் விழிக்க மாட்டார். விழிக்க வைக்கிறேன் என்று மூன்றாவது, நான்காவது டோஸாக அடித்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது மூச்சை. மூச்சு சீராக வந்தால் போதும்.

8. செவ்வந்தி

இரவுப்பணி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஆம்புலன்ஸ் பதிவுகளை ஆராய்ந்தபோது ஓவர்டோஸ் ஆன பெண்களுக்கு நாலாக்சோன் கொடுக்கப்பட்ட வாய்ப்பு ஆண்களைவிடக் குறைவாக இருந்தது. ஐம்பது வயது அம்மா படுக்கையில் நினைவில்லாமல் கிடந்தால் சர்க்கரை குறைந்திருக்கும், பக்கவாதமாக இருக்கும் என்றுதான் முதலில் மனம் போகும். கட்டில் பக்கத்தில் ஊசி இருக்காது, மருந்துக்கடை டப்பாதான் இருக்கும். ஓவர்டோஸ் என்றால் இளைஞன் என்ற படம் எல்லார் மண்டையிலும் இருக்கிறது. கட்டில் பக்கத்து மேசையைத் திறந்து டப்பாக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இழை அமெரிக்காவோடு நின்றால் பாதிதான் தெரியும். ஸ்காட்லாந்தைப் பாருங்கள். 2023-இல் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சாவு 1,172. நாட்டின் அளவுக்கு இது பயங்கரமான எண். 2000-களின் தொடக்கத்தில் ஆண்களின் வீதம் பெண்களைப்போல் நான்கைந்து மடங்கு. இப்போது இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அமெரிக்காவில் இடைவெளி விரியும் அதே காலத்தில் அங்கே சுருங்குகிறது.

அங்கே 80-களிலும் 90-களிலும் ஹெராயினில் விழுந்த தலைமுறை அப்படியே வயதாகி வந்துகொண்டிருக்கிறது. இறப்போரின் சராசரி வயது 2000-இல் 32, 2023-இல் 45. பெண்கள் மெத்தடோன் சிகிச்சைக்குள் வந்து நீண்ட காலம் உயிரோடு இருந்தார்கள். வயது ஏற ஏற நுரையீரல், கல்லீரல் நோயும், எடிசோலம், ப்ரோமசோலம் மாதிரி கள்ள பென்சோவும், கபாபென்டினும் சேர்ந்தபோது அந்தப் பாதுகாப்பு உடைந்தது. அதோடு குழந்தையை அரசு எடுத்துக்கொண்டுபோன பெண்கள். குழந்தை கையில் இருக்கும்வரை சுகாதாரப் பார்வையாளர், சமூகப் பணியாளர் என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். குழந்தை போன மறுநாளிலிருந்து ஒருவரும் வருவதில்லை. அந்தப் பெண்ணுக்கு மிக மோசமான வாரம் எதுவோ, அந்த வாரம் பார்த்து எல்லாரும் விலகிவிடுகிறார்கள். இதை மாற்ற புது மருந்து வேண்டாம், குழந்தையின் கோப்பை மூடும் அலுவலகம் தாயின் பெயரில் ஒரு கோப்பைத் திறந்து வைத்தால் போதும்.

9. குறுக்குக்கேள்வி

ஸ்காட்லாந்தையும் அமெரிக்காவையும் நேராக ஒப்பிட முடியுமா? வரையறை ஒன்றுதானா?

10. எண்ணும் எழுத்தும்

ஒன்றில்லை. நல்ல கேள்வி. அமெரிக்க எண்ணில் எல்லா மருந்து நச்சும் உண்டு, பாராசிட்டமால், மனச்சோர்வு மாத்திரை உட்பட. ஸ்காட்லாந்தின் 'தவறான பயன்பாட்டுச் சாவு' என்பதற்கு பிரிட்டனின் 1971 போதைப்பொருள் சட்டத்தில் கட்டுப்படுத்திய பொருள் சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது அடிமைத்தனம் மூலகாரணமாக இருக்க வேண்டும். பாராசிட்டமால் மட்டும் தின்று இறந்த பெண் அமெரிக்கக் கணக்கில் வருவார், ஸ்காட்லாந்தின் இந்தக் கணக்கில் வரமாட்டார். ஆகவே இரண்டு நாட்டின் மடங்கைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மதிப்பெண் போடக் கூடாது. ஒவ்வொரு நாட்டின் போக்கையும் அதனதன் பழைய எண்ணோடு ஒப்பிடலாம், அது செல்லும்.

நோக்கத்தையும் பிரிக்க வேண்டும். சிடிசியின் இணையத் தரவுத்தளமான வொண்டரில் நீங்களே எடுக்கலாம். 'பல காரண இறப்பு' தரவுத்தொகுப்பைத் திறந்து, ஆண்டு, பால் என்று வகைப்படுத்துங்கள். மூலகாரணக் குறியீடு எக்ஸ் 40 முதல் 44 வரை தற்செயல், எக்ஸ் 60 முதல் 64 வரை தற்கொலை, எக்ஸ் 85 கொலை, ஒய் 10 முதல் 14 வரை நோக்கம் தெரியாதது. எல்லாம் சேர்ந்ததுதான் செய்தியில் வரும் எண். மருந்து நச்சால் தற்கொலை செய்வோரில் பெண்களின் பங்கு, தற்செயல் சாவில் உள்ளதைவிட மிக அதிகம். அதை விலக்கிவிட்டு எக்ஸ் 40–44 மட்டும் எடுத்தால் ஆண்–பெண் மடங்கு இன்னும் ஏறும். தற்செயல் சாவைத் தடுக்கும் வேலைக்கும் தற்கொலையைத் தடுக்கும் வேலைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் இரண்டும் கெடும்.

எந்தப் பொருள் என்பது துணைக் குறியீட்டில் இருக்கும்: டி (T) 40.1 ஹெராயின், 40.2 ஆக்சிகோடோன் வகை, 40.3 மெத்தடோன், 40.4 ஃபென்டனில் வகை, 40.5 கொக்கெயின், டி 43.6 மெத் வகை. ஒரே சாவில் மூன்று குறியீடு இருக்கலாம், அதனால் இவற்றைக் கூட்டாதீர்கள், மொத்தத்தைத் தாண்டிவிடும். 10-க்குக் குறைவான எண்ணிக்கையை வொண்டர் மறைத்துவிடும், 20-க்குக் குறைந்தால் வீதத்தை நம்பகமற்றது என்று குறிக்கும். சிறிய மாநிலங்களில் பெண்களின் கட்டங்கள்தான் முதலில் இப்படிக் காலியாகும். காலியாக இருப்பதைப் பார்த்து "அங்கே பெண்கள் சாகவில்லை" என்று எழுதியவர்களை நான் படித்திருக்கிறேன்.

11. செவ்வந்தி

சராசரி மடங்கு மறைக்கிற இரண்டு இடங்கள்.

சிறை. வாஷிங்டன் மாநிலத்தில் பின்ஸ்வாங்கர் குழு 2007-இல் காட்டியது: விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸால் சாகும் ஆபத்து பொதுமக்களைவிட 129 மடங்கு. உள்ளே இருந்த காலத்தில் போதைக்குப் பழகிய உடலின் தாங்குதிறன் போய்விடுகிறது, வெளியே வந்து பழைய அளவையே எடுக்கிறார்கள். அந்தக் குழுவின் 2013 ஆய்வில் விடுதலையானவர்களுக்குள் பெண்களின் ஓவர்டோஸ் ஆபத்துதான் ஆண்களைவிட அதிகம். நாடு முழுக்க ஆண்கள் இரண்டரை மடங்கு என்ற எண்ணை வைத்துக்கொண்டு பெண்கள் சிறைவாசலில் நாலாக்சோன் வைக்காமல் விட்டால் அது கொலைக்குச் சமம்.

பிரசவம். மாசசூசெட்ஸில் ஓபியாய்டு பிரச்சினை உள்ள தாய்மார்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. ஓவர்டோஸ் மிகக் குறைவாக இருந்தது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில். மிக அதிகமாக இருந்தது பிரசவத்துக்குப் பின் 7 முதல் 12 மாதத்தில். கர்ப்பத்தில் சிகிச்சை எடுத்து நின்றவர்கள் குழந்தை பிறந்த பின் மருந்தை விட்டார்கள், தாங்குதிறன் குறைந்தது. அதே சமயம் வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் அப்போது பல பெண்களுக்குப் பிரசவமாகி 60 நாளில் முடிந்துவிட்டது. 2021 சட்டம்தான் மாநிலங்கள் விரும்பினால் 12 மாதம் நீட்டலாம் என்று வழி திறந்தது. ஆபத்து உச்சத்துக்கு வரும் மாதங்களை அந்தப் பழைய காப்பீட்டுக் காலத்தோடு பொருத்திப் பாருங்கள், எதை மாற்ற வேண்டியிருந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

12. மருந்துச்சீட்டு

செவ்வந்தி தங்கச்சி சொன்னதற்கு மருந்துப் பக்க விளக்கம். கர்ப்பத்தில் ரத்த அளவு கூடி, மருந்தை உடைக்கும் வேகமும் கூடுவதால் மெத்தடோன் அளவைப் பெரும்பாலும் ஏற்ற வேண்டியிருக்கும், சிலருக்கு இரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டியிருக்கும். பிரசவமான வாரங்களில் உடல் பழைய நிலைக்குத் திரும்பும். ஏற்றிய அளவு அப்படியே தொடர்ந்தால் மயக்கம் கூடும். பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தினால் அது அதைவிட ஆபத்து, தெருச் சரக்குக்குத் தள்ளிவிடும். தாய் பகலில் தூங்கி வழிகிறாரா என்று ஒவ்வொரு வருகையிலும் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும்.

மெத்தடோன் சிகிச்சை எவருக்கானாலும், தொடங்கிய முதல் நான்கு வாரமும் நிறுத்திய முதல் நான்கு வாரமும்தான் ஆபத்தான பள்ளத்தாக்கு. நாள்காட்டியில் சிவப்பால் வட்டமிட்டு வையுங்கள்.

13. குறுக்குக்கேள்வி

2024-இல் அமெரிக்காவில் எண் 80,000 அளவுக்கு இறங்கியதாகச் செய்தி. இடைவெளி என்ன ஆகும்?

14. எண்ணும் எழுத்தும்

மொத்தம் இறங்கியது உண்மை, பெரிய இறக்கம். ஆனால் மடங்கை மட்டும் பார்க்காதீர்கள். ஆண் 40-லிருந்து 30-க்கும் பெண் 20-லிருந்து 15-க்கும் வந்தால் மடங்கு அசையாது, ஆனால் ஆண்களில் லட்சத்துக்கு 10 பேரும் பெண்களில் 5 பேரும் பிழைத்திருக்கிறார்கள். மடங்கையும் கழித்தலையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்து வயதால் பிரியுங்கள். 30 முதல் 64 வயதுப் பெண்களின் ஓவர்டோஸ் வீதம் 1999-இல் 6.7, 2017-இல் 24.3. இந்த ஏற்றம் பலர் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் ஆண்களின் கோடு அதற்கு மேலே ஓடிக்கொண்டிருந்ததுதான். பெண்களின் வரைபடத்தைத் தனித்தாளில், தனி அளவுகோலில் வரையுங்கள். டி 40.4 இருக்கும் சாவு, இல்லாத சாவு என்று இரண்டு கோடு போடுங்கள். ஃபென்டனில் இல்லாத கோடு 45-ஐத் தாண்டிய பெண்களில் இறங்காமல் நின்றால், அந்த ஊரில் அடுத்த வேலை மருந்துக்கடைக் கவுன்டரில்.

15. மருந்துச்சீட்டு

கவுன்டரில் கேட்க வேண்டியவை: வேறு எந்த டாக்டரிடம் மருந்து வாங்குகிறீர்கள், தூக்க மாத்திரை உண்டா, இரவில் மூச்சுத் திணறலுக்கு இயந்திரம் வைத்திருக்கிறீர்களா, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள். ஓபியாய்டோடு பென்சோவோ கபாபென்டினோ இருந்தால் அளவு எதுவானாலும் நாலாக்சோன் ஒரு பெட்டி கொடுத்துவிடுங்கள். மூக்கு ஸ்ப்ரேயைச் சீட்டில்லாமல் விற்க அமெரிக்காவில் 2023 மார்ச்சில் அனுமதி வந்துவிட்டது. எப்படி அழுத்துவது என்பதை நோயாளிக்கு அல்ல, கூட வந்தவருக்குக் காட்டுங்கள். மயங்கிக் கிடப்பவர் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது.